செப்டம்பருக்குள்

அந்த வருடம் எங்கள் வீட்டில் எல்லாமே செப்டம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டது. அமெரிக்காவில் ரெசிடென்சிக்கு, அதாவது டாக்டர்களின் மேற்படிப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பம் செப்டம்பர் கடைசியில் போக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் உரிமத்துக்கான தேர்வுகளில் இரண்டாவதன் மதிப்பெண் அந்த விண்ணப்பத்தோடு சேர்ந்து போனால்தான் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களின் கோப்பை யாராவது திறந்து பார்ப்பார்கள். தேர்வு எழுதி மதிப்பெண் வர மூன்று, நாலு வாரம் ஆகும். ஆக, ஆகஸ்ட் பாதிக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். ஆகஸ்டில் எழுத வேண்டுமென்றால் ஏப்ரலிலேயே வேலையை விட வேண்டும். இப்படி எண்ணிக்கொண்டே போனால் முந்தின வருடத் தீபாவளியில் வந்து நிற்போம்.

நானும் என் கணவரும் ஒரே மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு மந்தைவெளியில் அவருடைய அம்மாவோடு இருந்தோம். பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் மூன்றாவது மாடி. அத்தை வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா நாங்கள் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டார். தனியாக இருக்கும்போது நானும் என் கணவரும் கல்லூரி நாட்களில் பேசியபடியே நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அத்தை உள்ளே வந்தால் நான் 'நீங்க'வுக்கு மாறிவிடுவேன். அத்தைக்கு இது தெரியும். எங்கள் அறைப் பக்கம் வரும்போது ஒருமுறை இருமிவிட்டுத்தான் வருவார்.

முதல் தேர்வை இரண்டு பேருமே முந்தின வருடம் முடித்திருந்தோம். அதில் மதிப்பெண் கிடையாது, தேறினால் போதும். இரண்டாவதுதான் ஆளைத் தரம் பிரிக்கும். அதில் ஒரு விதி உண்டு. தேறிவிட்டால் திரும்ப எழுத முடியாது. மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அதுதான், கடைசி வரைக்கும். அதனால் சுமாராகத் தேறுவதைவிடத் தள்ளிப் போடுவது மேல் என்பார்கள். தள்ளிப் போட்டால் செப்டம்பர் போய்விடும். செப்டம்பர் போனால் ஒரு வருடம் போய்விடும். படித்து முடித்து எத்தனை வருடம் ஆகிறது என்று அங்கே கேட்பார்கள், வருடம் கூடக் கூட மதிப்புக் குறையும். எங்களோடு படித்தவர்கள் சந்தித்துக்கொண்டால் இதைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

கணவனும் மனைவியும் ஜோடியாக விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. இரண்டு பேரின் விருப்பப் பட்டியலையும் ஒன்றாகக் கோத்துக் கொடுத்தால் ஒரே ஊரில் இடம் கிடைக்கிற மாதிரி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நாங்கள் அப்படித்தான் முடிவு செய்திருந்தோம். அவர் முன்பே வேலையை விட்டுவிட்டதால் ஜூலை தொடக்கத்தில் தேதி எடுத்தார். நான் தி.நகரில் ஒரு நர்சிங் ஹோமில் ஏப்ரல் வரை டியூட்டி பார்த்தேன். என் தேதி ஆகஸ்ட் நடுவில்.

அடையாறில் மாதச் சந்தாவுக்கு மேசை தரும் படிப்பறை ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு தடுப்பு, ஒரு விளக்கு, ஒரு பிளக். ஆடிட்டருக்குப் படிப்பவர்கள், அரசு வேலைக்குப் படிப்பவர்கள், நாங்கள் இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்துத் தடுப்பில் உட்கார்ந்து நாள் பூராவும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வருவோம். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதைச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. படிப்பறைக்குக் கீழே டீக்கடையில் வைத்து அவரிடம் சொன்னேன்.

"கன்ஃபர்மா?" என்றார்.

"ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "ட்யூ டேட் எப்ப வரும்?"

"ஜனவரி கடைசி."

"ஜனவரி கடைசி." விரல் விட்டு எண்ணினார். "இன்டர்வியூல்லாம் பொங்கலோட முடிஞ்சிடும். மார்ச்ல ரிசல்ட். ஜூன்ல கெளம்பணும். கொழந்தைக்கு அஞ்சு மாசம் ஆயிருக்கும். பாஸ்போர்ட் எடுத்துடலாம். சமாளிக்கலாம்ல?"

"நானும் காலைல இதையேதான் கணக்குப் போட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் சற்று நேரம் எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாம சந்தோஷமே படலியே" என்றார்.

அப்புறம்தான் சிரித்தோம். அன்றைக்கு மேலே போய்ப் படிக்கவில்லை. பஸ் ஏறித் திருவான்மியூர்க் கோயிலுக்குப் போனோம். நடை சாத்தியிருந்தது. வெளிப்பிரகாரம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. குளத்துப் படியோரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். அவர் வழியெல்லாம் ஆண் பெயர், பெண் பெயர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் அமெரிக்கர்களின் வாயில் நுழையக்கூடிய சின்னப் பெயர்கள்.

அத்தையிடம் சொன்னபோது டிவியை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பரீட்சை?" என்றார்.

"எழுதுவேன் அத்தை. ஆகஸ்ட்ல நாலாவது மாசம்தானே."

"எழுது, எழுது. ஒக்காந்து எழுதறதுதானே. நான் இவன வயித்துல வெச்சுக்கிட்டு எட்டாம் மாசம் வரைக்கும் கேஷ் எண்ணியிருக்கேன்." பிறகு எழுந்து போய் சமையலறையில் தனியாக நின்றார். முதுகு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் ஜூலையில் தேர்வை எழுதிவிட்டு வந்தார். நன்றாக எழுதியிருப்பதாக முகமே சொன்னது. அதற்கப்புறம் எனக்காகப் படிப்பறைக்கு வந்து உட்கார்ந்தார். நான் போடும் பயிற்சித் தேர்வுகளில் தப்பானதையெல்லாம் குறித்து வைத்து மாலையில் பஸ்ஸில் கேள்வி கேட்பார். என் பயிற்சி மதிப்பெண் ஏறிக்கொண்டிருந்தது. அவரைவிட அதிகம் வாங்கிவிடுவேன் என்று கேலி பேசினார்.

ஜூலை கடைசியில் மூன்றாம் மாத ஸ்கேன். லஸ் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். மெட்ரோ வேலைக்காகத் தெருவெல்லாம் தகரம் அடைத்திருந்ததால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தது. உள்ளே, படுத்திருப்பவர் பார்ப்பதற்கென்று சுவரில் ஒரு பெரிய டிவி மாட்டியிருந்தார்கள். ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் படம் வந்தது. அவர் என் தலைமாட்டில் நின்றிருந்தார்.

ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது இந்தப் படத்தை நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரு துடிப்புத் தெரியும். விளக்குத் திரி படபடக்கிற மாதிரி இருக்கும். அதைத் தேட வேண்டியதே இல்லை, கண் தானாகப் போய் அங்கே நிற்கும். என் கண் போய் நின்றது. அங்கே எதுவும் அசையவில்லை. குழந்தையின் அளவும் ஒன்பது வாரத்தோடு நின்றுபோயிருந்தது. அந்த அறையில் மூன்று டாக்டர்கள் இருந்தோம்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கருவியைச் சாய்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த டிவியை அணைத்தார். "ஒரு நிமிஷம்மா. சீனியரக் கூப்பிட்டுட்டு வரேன்."

"வேணாம் மேடம்" என்றேன். "தெரியுது."

வெளியே ஆட்டோ கிடைத்தது. டிரைவர் எங்களைப் போலவே சின்ன வயதுக்காரர். "இன்னா சார், ரோட்ட பூரா தோண்டிப் போட்டுக்கினு கீறானுங்க, சுத்திக்கினுதான் போவணும்" என்றார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். என் மடியில் ஸ்கேன் சென்டர் கவர் இருந்தது. "மாசமா கீறாங்களா சார்? பாத்து ஓட்றேன். எல்லாம் நல்லபடியா கீதா?"

"நல்லா இருக்குப்பா" என்றார் என் கணவர்.

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். டிரைவர் சொன்னபடியே பள்ளம் வந்த இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்.

நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமிலேயே கருப்பையைச் சுத்தம் செய்துகொண்டேன். நர்ஸ்கள் எல்லாம் தெரிந்தவர்கள். பிரசவ வார்டிலிருந்து தள்ளி, எலும்பு முறிவுக்காரர்கள் இருக்கும் மாடியில் எனக்கு ரூம் கொடுத்தார்கள். மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வடபழனியிலிருந்து வந்து கூட இருந்தாள். நான் கட்டிலில் சாய்ந்து கொண்டு மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். திறந்துதான் வைத்திருந்தேன்.

தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. தேர்வுக்கு எனக்கு ஒதுக்கிய காலம் ஆகஸ்டோடு முடிகிறது. நீட்டிப்பு வாங்கலாம். வாங்கினால் மதிப்பெண் அக்டோபரில்தான் வரும். அமெரிக்காவில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த எங்கள் சீனியர் ஒருவருக்கு என் கணவர் ஸ்பீக்கரில் போன் போட்டார். அவர் அனுதாபமாகத்தான் பேசினார். "ஸ்கோர் இல்லாம அப்ளை பண்ணா ஃபில்டர்லயே தள்ளிடுவாங்கப்பா. அடுத்த வருஷம் தனியா பண்ணட்டும், இல்ல நீயும் ஒரு வருஷம் வெய்ட் பண்ணு. ஆனா உன் ஸ்கோர் இப்ப ஃபிரெஷ்ஷா இருக்கு. வெய்ட் பண்றது உனக்கு நல்லதில்ல. அவங்க பயிற்சித் தேர்வுல இப்ப என்ன வருது?"

முந்தின நாள் ஒன்று போட்டிருந்தேன். ஜூலையில் ஏறியதெல்லாம் இறங்கியிருந்தது. அவர் அதைச் சீனியரிடம் சொல்லவில்லை. "பரவால்ல, வருது" என்றார்.

ஹாலில் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"தள்ளிப் போடச் சொல்லுங்க சம்பந்தி. ஒடம்புல தெம்பே இல்ல அவளுக்கு. நான் ஒரு மாசம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க? செவுத்தப் பாத்துட்டு ஒக்காந்திருப்பா. எழுதிட்டே வரட்டும். மனசு வேற பக்கம் போகும்."

"மனசு எங்க போகும்? பரீட்சையும் போயி ஒடம்பும் போயிடும்."

இரண்டு பேரும் என் நல்லதுக்குத்தான் பேசினார்கள். இன்றைக்கு யோசித்தாலும் யார் சொன்னது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் கணவரிடம் கேட்டேன். "நீ சொல்லு. எழுதட்டுமா?"

"நீ என்ன முடிவு பண்றியோ அதான்."

"நீ என்ன நெனைக்கற?"

"நான் நெனைக்கறது முக்கியமில்ல. ஒடம்பு உன்னோடது."

"எனக்கு முக்கியம்" என்று கத்தினேன். ஹாலில் பேச்சு நின்றது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தனியா போக இஷ்டமில்ல. அவ்வளவுதான்."

சரி, எழுதுகிறேன் என்றேன்.

தேர்வு மையம் தி.நகரில் ஒரு வணிகக் கட்டடத்தின் மேல் மாடியில் இருந்தது. ஆடி கடைசி. தள்ளுபடிக் கூட்டத்தில் பனகல் பார்க்கைத் தாண்டி ஆட்டோ நகரவில்லை. இறங்கி நடந்தோம். காலையிலேயே துணிக்கடை வாசல்களில் பெண்கள் காத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டட வாசலில் அவர் என் கையில் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டுப் பையையும் கொடுத்தார். "நான் இங்கயேதான் இருப்பேன்" என்றார். நாள் முழுக்க எங்கே நிற்பாய் என்று கேட்டேன். "எதுனா கடைல நிக்கறேன். தள்ளுபடிதானே, யாரும் வெரட்ட மாட்டாங்க."

மேலே பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும், சட்டைக் கையை மடித்துக் காட்ட வேண்டும், கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். எனக்கு உதிரப்போக்கு இன்னும் நிற்கவில்லை. நாப்கின்களை லாக்கரில் வைத்துவிட்டு, ஒவ்வொரு இடைவேளைக்கும் கைரேகை வைத்து வெளியே வந்து, எடுத்துக்கொண்டு பாத்ரூம் போய், திரும்பக் கைரேகை வைத்து, திரும்பச் சோதனை கொடுத்து உள்ளே போக வேண்டும். இடைவேளை நேரம் மொத்தமாக இவ்வளவுதான் என்று கணக்கு. மதியத்துக்குள் பெரும் பகுதியைச் செலவழித்துவிட்டேன். சாப்பாட்டுப் பையைத் திறக்கவே இல்லை.

தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் எழுதினேன். அதனால் மூன்றாவது பகுதியில் எனக்கு வந்த ஒரு கேள்வி என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது, சரியாகவே போட்டேன் என்பதை மட்டும் சொல்லலாம். அதற்கு அடுத்து வந்த கேள்விகளைத்தான் படிக்க முடியவில்லை. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் அதன் முதல் பாதி போய்விடும். பக்கத்தில் யாரோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டிருந்தது. பல கேள்விகளுக்கு ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்தேன்.

கீழே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு பாத்திரக் கடை வாசலில் கையில் பையோடு நின்றிருந்தார். நாள் முழுக்க நின்றவரைக் கடைக்காரர் வாங்கவைத்துவிட்டார் போல. உள்ளே ஒரு இட்லிப் பானை. எப்படி எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பரில் மதிப்பெண் வந்தது. தேறியிருந்தேன். தேறுவதற்கு வேண்டியதைவிடக் கொஞ்சம்தான் மேலே. அவருடையது முன்பே வந்திருந்தது, எல்லோரும் போன் செய்து வாழ்த்துகிற மதிப்பெண். அத்தை அறைக்கு வெளியே நின்று இருமினார். "பாஸா?" என்றார்.

"பாஸ் அத்தை" என்றேன்.

அத்தை அப்போதே கீழே இறங்கிப் போய் மைசூர்பாகு வாங்கிவந்தார். மாடி மாடியாக ஒரு வீடு விடாமல் கொடுத்தார். தேறியதுதான் சிக்கல் என்று அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. நான் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டேன்.

விண்ணப்பம் ஜோடியாகப் போனது. அக்டோபரில் இன்டர்வியூ அழைப்புகள் வரத் தொடங்கின. மெயில் வந்தால் உடனே நாள் குறிக்க வேண்டும், தாமதித்தால் இடம் போய்விடும். அதனால் எல்லோரும் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் அறையில் இரண்டு போன்களும் ஒரே மேசையில் இருந்தன. மணி அடித்தால் இரண்டு பேரும் பார்ப்போம். அவருடையதாக இருக்கும். இப்படிச் சில தடவை ஆயிற்று. பிறகு ஒரு வாரம் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவருக்கும் வருவது நின்றுவிட்டது என்று நினைத்து, வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்குச் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது மேசையில் போன் சத்தமில்லாமல் ஒளிர்ந்ததைப் பார்த்தேன். எனக்குக் கேட்கக்கூடாது என்று ஒலியை அணைத்து வைத்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சவுண்ட வை" என்றேன் அவர் வெளியே வந்ததும். "எதுனா மிஸ் ஆயிடப் போகுது."

அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே நின்றார்.

எனக்கு ஒரே ஒரு இன்டர்வியூ வந்தது, டிசம்பரில். மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. லேப்டாப்பில் வயதான ஒரு டாக்டர், நல்ல மனிதர். நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமைப் பற்றியெல்லாம் அக்கறையாகக் கேட்டார். கடைசியில், மதிப்பெண்ணைப் பற்றி நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்றார். கர்ப்பம், குழந்தை என்ற பேச்சே எடுக்காதே, அடுத்து எப்போது பெற்றுக்கொள்வாய் என்று அவர்கள் மனதுக்குள் கணக்குப் போடுவார்கள் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். அதனால் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். தேர்வுக்குச் சற்று முன்னால் எங்கள் வீட்டில் ஒரு மரணம் நடந்துவிட்டது என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வருத்தம் தெரிவித்தார். பிறகு மிகவும் மெதுவாக, இறந்தவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்.

அதற்கு நான் எதையும் தயார் செய்திருக்கவில்லை. சமையலறையில் அத்தை குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது. மிக நெருங்கிய ஒருவர் என்றேன். அவர் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜனவரி கடைசி வாரம் வந்தது. அந்த ட்யூ டேட் இரண்டு பேருக்கும் தெரியும். அன்று காலையில் அவர் முன்னதாகவே எழுந்து வீட்டுப் பரணிலிருந்த எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தார். நான் படுத்தே இருந்தேன். அத்தை ஒருமுறை வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். காய்ச்சல் இல்லை என்று அவருக்கே தெரியும்.

பிப்ரவரியில் விருப்பப் பட்டியல் போட வேண்டும். ஜோடியாகப் போடும்போது ஒவ்வொரு வரியிலும் இரண்டு பேருக்கும் ஒரு இடம். எனக்கு இருந்தது ஒரே இடம் என்பதால் எங்கள் பட்டியல் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வகை வரி போடலாம். அவருக்கு இடம், எனக்கு இடமில்லை என்று. அப்படிப் போட்டால் அவர் மட்டுமாவது போகலாம்.

"போட மாட்டேன்" என்றார்.

"போடு. இல்லன்னா உன் எல்லா இன்டர்வியூவும் வேஸ்ட்."

"வேஸ்ட் ஆனா ஆகட்டும். ரெண்டு பேரும் இங்கயே இருப்போம்."

"இங்க இருந்துட்டு நாப்பது வயசுல உன்னாலதான் நான் போகலன்னு சொல்லுவ."

"நான் அப்படிச் சொல்ற ஆளா?"

"வாயால சொல்ல மாட்ட."

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வரிகளை நான்தான் சேர்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தார். அழிக்கவில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை மாலை முடிவு வந்தது. அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு வருந்துகிறோம் என்று ஆரம்பிக்கும் மெயில். எந்த ஊர் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. வருடத்தில் பாதி நாள் பனி விழும் ஊர். அத்தை இந்த முறை இனிப்பு வாங்கவில்லை. சாமி விளக்கை மட்டும் ஏற்றினார்.

ஜூனில் அவர் கிளம்பினார். கூடவே மனைவி என்ற விசாவில் நானும் போயிருக்கலாம். போய் அந்தக் குளிரில் ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்து அவர் டியூட்டி முடிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கேயே இருந்து அடுத்த செப்டம்பருக்கு மறுபடி போடுகிறேன் என்றேன். போட்டேன். அதே மதிப்பெண், இன்னும் ஒரு வருடம் பழையது. ஒரு அழைப்பும் வரவில்லை. இந்த முறை போனில் சத்தத்தை அணைத்து வைத்தது நான். அதற்கடுத்த வருடம் நம் ஊர் மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுதினேன். சென்னையிலேயே ஒரு அரசு மருத்துவமனையில், மயக்க மருந்துத் துறையில் இடம் கிடைத்தது. நான் ஆசைப்பட்ட துறை இல்லை. ஆனால் வேலை எனக்கு ஒத்துவருகிறது. மயக்கத்தில் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியாது.

அவர் இரண்டாம் வருடத்தில் விடுப்பில் வந்தார். முதல் சில நாள் பகலெல்லாம் தூங்கினார். எனக்கு டியூட்டி. நான் வரும்போது அவர் எழுந்து உட்கார்ந்திருப்பார், நான் தூங்கிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திருவான்மியூர் பீச்சுக்குப் போனோம். சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். அவர் இளைத்திருந்தார். தமிழ் பேசும்போது நடு நடுவே வார்த்தை தேடினார்.

"அந்த வரியப் போட்டிருக்கக்கூடாது" என்றார் திடீரென்று.

"போடலன்னா நீ இங்கதான் இருந்திருப்ப."

"அதத்தான் சொல்றேன்."

"உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?"

கையிலிருந்த சுண்டல் பொட்டலத்தை மடித்தார். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். எழுந்து அவர் சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன். பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் போய்விட்டார்.

இப்போது அவருக்குக் கடைசி வருடம். அவருடைய விசா விதிப்படி, முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் வந்து இருந்தாக வேண்டும். அல்லது அங்கேயே, டாக்டர்கள் வராத ஒரு சிற்றூரில் மூன்று வருடம் வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும். அவர் சிற்றூரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். என்னிடம் கேட்டுவிட்டுத்தான். நான் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். சண்டை எதுவும் இல்லை. நல்லபடியாகத்தான் பேசிக்கொள்கிறோம். பிரிவது பற்றியும் யாரும் பேசவில்லை, சேர்வது பற்றியும் பேசவில்லை.

போன வாரம் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது அத்தை வந்து பக்கத்தில் நின்றார்.

"அங்கயே வேலைன்னு சொன்னானா உன்கிட்ட?"

"சொன்னாரு அத்தை."

"எனக்கும் சொன்னான்." துணியை எடுத்து மேடையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "நீ வேணும்னா உங்க அம்மா வீட்ல போய் இரும்மா. நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன். யாருக்காக நீ இங்க இருக்கணும்?"

"வடபழனிலேர்ந்து ஆஸ்பத்திரி தூரம் அத்தை" என்றேன். "இங்கேர்ந்துன்னா ரயில் ஏறினா கொஞ்ச நேரத்துல போயிடலாம்."

அதுவும் உண்மைதான். அத்தை துணியைப் பிழிந்து காயப் போட்டார். பிறகு, நாளைக்குக் காலை டியூட்டியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் சீக்கிரம் படு, ஆறு மணிக்கு எழுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.